பந்தயக் குதிரை ஓவியப் பிரதிகள்: மூலத்தைத் திருத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 18-ம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் காலத்துப் பந்தயக் குதிரை ஓவியங்களின் பிரதிகள் ‘கையால் தீட்டியவை’ என்ற பெயரில் இணையத்தில் தாராளமாக விற்கின்றன. வாங்குகிறவர்கள் படச்சட்டத்தையும் நிறத்தையும் பார்க்கிறார்கள், குதிரையைப் பார்ப்பதில்லை. தீட்டுகிறவர்கள் பலர் மூலத்தில் ஏதோ குறை இருப்பதாக எண்ணித் தாங்களே சரிசெய்துவிடுகிறார்கள். அந்தத் திருத்தம்தான் எங்கள் கவலை.

இவை ஏதோ ஒரு குதிரையின் படங்கள் அல்ல. பெயரும் பிறந்த ஆண்டும் உள்ள தனித்தனிக் குதிரைகளின் உருவப்படங்கள். 1764-ல் சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் எக்லிப்ஸ் எனப் பெயர் பெற்ற குதிரை, ஓடிய 18 பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நெற்றிச் சுட்டியும் (முகத்தில் இறங்கும் வெள்ளைக் கோடு) பின்வலது காலின் வெள்ளையும் அதன் அடையாளங்கள். இணையத்தில் இடவலம் மாறிக் கிடக்கும் படத்தைப் பார்த்துத் தீட்டினால் வெள்ளை இடக்காலுக்குப் போய்விடும். அதன்பின் அது எக்லிப்ஸ் அல்ல. கேன்வாஸில் கைவைக்கும் முன் சுட்டி, கால் வெள்ளை, பிடரி விழும் பக்கம் மூன்றையும் மூலம் இருக்கும் அருங்காட்சியகத்தின் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

அடுத்த பிழை அளவில் நேர்கிறது. லண்டன் தேசிய கலைக்கூடத்திலுள்ள, ஸ்டப்ஸ் தீட்டிய ‘விசில்ஜாக்கெட்’ குதிரை ஓவியம் (சுமார் 1762) 292 செ.மீ. உயரம், 246.4 செ.மீ. அகலம். இதை 90 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கினால் அகலம் 76 செ.மீ. வர வேண்டும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் 90-க்கு 60 கேன்வாஸை எடுத்தால் வாலையோ முன்கால்களையோ வெட்ட வேண்டும், இல்லையேல் குதிரையை ஐந்தில் ஒரு பங்கு நெருக்க வேண்டும். நெருக்கிய குதிரையின் மார்பு ஒடுங்கிக் கழுத்து நீண்டுவிடும். 36-க்கு 30 அங்குலக் கேன்வாஸ் ஏறக்குறையப் பொருந்தும், அரை அங்குலம்கூட விட்டுப்போகாது. மூலத்தின் படத்திலும் கேன்வாஸிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, முதலில் குளம்புகள் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தலையில் தொடங்குகிறவர்களுக்குக் கால் வைக்க இடம் போதாமல் போகிறது.

அந்த ஓவியத்தின் பின்னணியில் புல், வானம், மரம் எதுவும் கிடையாது. பின்குளம்புகளின் அடியில் சிறு நிழல் மட்டும் உண்டு. ‘வெறுமையாக இருக்கிறதே’ என்று புல்வெளி சேர்த்த பிரதிகள் ஏராளம். முன்கால் தூக்கி நிற்கும் அந்த உடலின் பாரம் முழுவதும் அந்தச் சின்ன நிழலில்தான் இறங்குகிறது. புல்லை வரைந்ததும் நிழல் அதில் மறைகிறது, குதிரை அந்தரத்தில் மிதக்கிறது. பின்னணியை ஈரமாக இருக்கும்போதே குதிரையின் விளிம்போடு மெல்லக் கலக்க வேண்டும். காய்ந்த பின்னணியின் மேல் விளிம்பைக் கூராக இழுத்தால் கத்தரித்து ஒட்டிய காகிதக் குதிரை போலாகிவிடும்.

இனி மினுமினுப்பு. செந்நிறக் குதிரையின் தோலில் ஒளிபடும் இடத்துக்கு வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்பு அடித்தது போல் வெளிறிவிடும். ரா அம்பர் என்ற பழுப்பு நிறத்தை மெலிதாகக் கரைத்து ஒளியும் நிழலும் முதலில் போட வேண்டும். அது ஓரிரு நாளில் காயும். அதன்மேல் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் கலந்த இளநிறம். அது காய்ந்தபின் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை எண்ணெயில் நெகிழ்த்திக் கண்ணாடி போலப் பூச வேண்டும். அடியிலுள்ள வெளிச்சம் ஊடுருவி வருவதால்தான் தோல் பளபளக்கும். தூய வெள்ளை கண்ணிலும் தோளிலும் ஓரிரு புள்ளிக்குப் போதும். முதுகு போல வானத்தைப் பார்க்கும் பரப்பில் சற்றே நீலச் சாம்பல் வேண்டும். கறுத்த குதிரைக்கு ஐவரி பிளாக் என்ற கறுப்பை அடி அடுக்கில் தடிமனாகப் போடாதீர்கள். அது மெதுவாகக் காயும், மேலே போட்ட அடுக்கு முந்திக் காய்ந்து வெடிக்கும். மேலே போகப்போக எண்ணெய் கூட வேண்டும், குறையக் கூடாது. பிடரி மயிரை இழை இழையாகத் தொடங்காமல், மொத்தையாக நடு நிறத்தில் போட்டு, ஒளிபடும் சில இழைகளை மட்டும் மெல்லிய பிரஷில் எடுங்கள். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும்.

நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கும் குதிரைகளையும் திருத்துகிறார்கள். 1821-ல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ தீட்டிய, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தய ஓவியம் அப்படித்தான் இருக்கிறது. பாய்ச்சலில் நான்கு கால்களும் தரையை விடுவது அவை வயிற்றடியில் மடங்கும்போதுதான் என்று புகைப்படக்காரர் மைபிரிட்ஜின் படங்கள் காட்டியது 1878-ல். அதை வைத்து 1821-ன் குதிரைக் கால்களை மடக்குவது பிரதி ஆகாது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை. ஜன்னலோரம் கொண்டுபோய் ஒளி பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். கையால் தீட்டியதில் பிரஷ் தடமும் நிற மாற்றமும் சேர்ந்தே போகும். அச்சிட்டு மேலே நிறமற்ற ஜெல் தடவியதில் தடம் ஒரு பக்கமும் நிறம் ஒரு பக்கமும் போகும். பூதக்கண்ணாடியில் அச்சுப் புள்ளிகளும் தெரியும்.

பதிப்புரிமைச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். ஸ்டப்ஸ் 1806-ல் இறந்தவர், அவர் ஓவியங்களைப் பிரதி எடுக்கத் தடை இல்லை. குதிரைகளைத் தீட்டிய ஆங்கில ஓவியர் ஆல்ஃபிரட் மன்னிங்ஸ் 1959-ல் இறந்ததால் பிரிட்டனில் அவருடைய ஓவியங்களுக்கு 2029 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. மூல ஓவியரின் கையெழுத்தைப் பிரதியில் போடவே கூடாது. ‘ஸ்டப்ஸைப் பார்த்துத் தீட்டியது’ என்ற குறிப்பையும், தீட்டியவர் பெயரையும் ஆண்டையும் பின்புறத்து மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். கேன்வாஸின் முதுகில் மார்க்கரால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வரக்கூடும்.

இப்படிக்கு,
எண்ணெய் வண்ணப் பிரதியாளர்கள் சிலர்