செத்த ஆட்டை அறுக்காதே என்று சொன்னால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் ஆடு மாடுகளுக்கு வரும் நோய்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான் என்று ஒவ்வொன்றையும் விளக்கமாக எழுதியவர், ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய்க்கு இரண்டு வரிதான் கொடுத்திருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசி போட வேண்டும், இறந்த கால்நடையை ஆழமாகப் புதைக்க வேண்டும். இரண்டும் சரிதான். ஆனால் அந்த இரண்டையும் செய்யவிடாமல் எங்களைத் தடுப்பது எது என்பதை யாரும் எழுதுவதில்லை. செம்மறி வளர்ப்பவன் என்ற முறையில் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அடைப்பான் கண்ட ஆடு பெரும்பாலும் நோய் என்று படுப்பதே இல்லை. சாயங்காலம் நன்றாக மேய்ந்துவிட்டுப் பட்டியில் அடைந்த ஆடு, விடியும்போது வயிறு உப்பிச் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் வடிந்திருக்கும், அது உறையாது. உடம்பும் சரியாக விறைக்காது. பாம்பு தீண்டியிருக்கும், இளம் சோளப் பயிரைத் தின்றிருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அப்புறம் கத்தியை எடுப்பார்கள். தோல் ஒரு பக்கம் போகும், கறி கூறு போட்டுப் பாதி விலைக்குப் போகும், குடலையும் ரத்தத்தையும் ஏரிக்கரையில் கொட்டுவார்கள். நாய்கள் அதை ஊர் முழுக்க இழுத்துப் போடும்.

இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. செத்த உடம்பைத் திறக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை உடம்பு அழுகும்போது சில நாட்களில் தாமே அழிந்துவிடும். அறுத்து ரத்தம் காற்றில் பட்டால்தான் கிருமி தன்னைச் சுற்றித் தடித்த ஓடு கட்டிக்கொண்டு ஸ்போர் ஆகிறது. ஸ்போர் ஆகிவிட்டால் வெயில், மழை, வறட்சி எதற்கும் அசையாமல் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். ஸ்காட்லாந்து கரையோரம் உள்ள குருயினார்ட் என்ற சிறு தீவில், 1942இல் பிரிட்டிஷ் ராணுவம் செம்மறிகளைக் கட்டி வைத்து அடைப்பான் கிருமியைச் சோதனை செய்தது. 1986இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து மண்ணில் தெளித்த பிறகு, 1990இல்தான் அங்கே மனிதர்கள் போகலாம் என்று அறிவித்தார்கள். நம் ஏரி உள்வாயில் அப்படி மருந்து தெளிக்க யார் வரப்போகிறார்கள்? கோடையில் புல் காய்ந்து, ஆடுகள் வேரோடு மண்ணையும் சேர்த்துக் கடிக்கும். அதன்பின் ஒரு மழை பெய்து அடிமண்ணைக் கிளறிவிட்டால், என்றோ புதைந்த நோய் திரும்ப வரும்.

அறுப்பவர்கள் அறியாமையில் அறுக்கிறார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். ஒரு செம்மறி இன்றைக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய். முப்பது ஆடு வைத்திருப்பவர் ஒரே இரவில் மூன்றை இழந்தால், கறியாக விற்று ஆயிரம் ரூபாயாவது தேறாதா என்றுதான் பார்ப்பார். அவரிடம் துண்டுப்பிரசுரத்தை நீட்டிப் பயனில்லை. ஆறடிக் குழி தோண்ட ஜே.சி.பி. வாடகை யார் கொடுப்பது? சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் கிடை போட்டுப் பிழைப்பவர் எங்கே புதைப்பார்? நிலத்துக்காரர் ஒப்புக்கொள்வாரா?

சட்டம் இருக்கிறது. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்காக மத்திய அரசு 2009இல் கொண்டுவந்த சட்டத்தில் அடைப்பானும் பட்டியலிடப்பட்ட நோய். சந்தேகம் வந்தாலே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும், அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் தெரிவிப்பவருக்கு என்ன கிடைக்கிறது? கறியும் போய், தோலும் போய், அடுத்த சந்தைக்கு மற்ற ஆடுகளை ஓட்டிப் போக முடியாத நிலைதான். தெரிவித்தவருக்குச் செத்த ஆட்டின் கறி விலையாவது அரசு கொடுத்தால், கத்தி தானாகக் கீழே இறங்கும். பறவைக் காய்ச்சலில் கோழிகளை அழிக்கும்போது இழப்பீடு தருகிறார்களே, அதேபோல் இதற்கும் ஒரு தொகை ஒதுக்க முடியாதா?

இன்சூரன்ஸ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இழப்பீடு கேட்டால் பொதுவாகப் பிரேதப் பரிசோதனைச் சான்றும், காதில் போட்ட அடையாள வில்லையும் கேட்பார்கள். வில்லைக்காகக் காதையே அறுத்தெடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைப்பான் சந்தேகம் உள்ள உடம்பை மருத்துவரேகூடக் கிழிக்கக் கூடாது. காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். அந்த ரத்தப் பரிசோதனை முடிவும் ஒரு புகைப்படமும் இழப்பீட்டுக்குப் போதும் என்று தெளிவான உத்தரவு எல்லாக் கால்நடை மருந்தகங்களுக்கும் போக வேண்டும்.

தடுப்பூசிக்கு நாம் வெளியே போகவும் வேண்டாம். 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே அது தயாராகிறது. கோமாரிக்கு 2019 முதல் தேசிய அளவில் திட்டம் போட்டு, வீடு தேடி வந்து ஊசி போடுகிறார்கள், நல்லது. அடைப்பான் ஊசி மட்டும் பெரும்பாலும் ஆடு செத்த பிறகு ஊருக்கு வருகிறது. ஊசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி உருவாகவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் மிச்சமிருக்கும் ஆடுகளின் கதி?

பல ஆண்டுகளாக நோய் இல்லை, ஊசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ரஷ்யாவின் யமால் பகுதியைக் காட்டலாம். அங்கே 1941க்குப் பிறகு நோய் வரவில்லை என்று 2007இல் கலைமான்களுக்கு ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். 2016 கோடையில் 2,000க்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன, 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் 2022 ஜூனில் காட்டுப்பன்றிகள் இதே நோயால் செத்தன.

மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதி மக்களுக்கு அடைப்பான் வந்ததை வேலூர் சி.எம்.சி.யும் புதுவை ஜிப்மரும் மருத்துவ இதழ்களில் எப்போதோ பதிவு செய்திருக்கின்றன. தோல் உரித்தவரின் கையில் கொப்புளம் வந்து, நடுவில் கரிபோல் கறுத்து, வலியே இல்லாமல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆடு உரித்தேன் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீக்கிரம் போனால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்திலேயே குணமாகும். கறியைத் தின்று வயிற்றுக்குள் போனாலோ மூளை உறை வரை எட்டினாலோ காப்பாற்றுவது கடினம். செத்த ஆட்டின் கறியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் ஊரிலேயே ஏழைகள் என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது.

எனவே அடுத்த இதழில் கால்நடைப் பராமரிப்புத் துறை அதிகாரிகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை வெளியிட வேண்டுகிறேன். முன்பு அடைப்பான் வந்த ஊர்களின் பட்டியலை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் எழுதிப் போடுவார்களா? அந்த ஊர்களில் மழைக்கு முன்பே செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஊசி போடப்படுமா? ஆடு செத்த காலையில் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்தால், ரத்தம் எடுக்க ஆளும் குழி தோண்ட இயந்திரமும் அன்றைக்கே வருமா?

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் ஒரு வாசகர்,
செங்கம், திருவண்ணாமலை மாவட்டம்.