மொய் எழுதுகிறவள் மனநல மருத்துவர்களுக்கு எழுதுவது

தமிழ்நாட்டு மனநல மருத்துவர்களுக்கும் உளவியல் நிபுணர்களுக்கும் வணக்கம்.

எனக்கு 41 வயது. மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். கல்யாணமாகி 16 வருடம், ஒரு மகள், பத்தாவது படிக்கிறாள். போன வருடம் உங்களில் ஒருவரிடம் வந்து, எனக்கு ஆட்டிசம், அதாவது பிறவியிலேயே மூளை வேறு மாதிரி வளர்கிற அந்த நிலை, இருக்குமோ என்று கேட்டேன். அதைக் கேட்கத் துணிச்சல் வர எனக்கு மூன்று வருடம் ஆனது. பதில் ஏழு நிமிடத்தில் வந்துவிட்டது (உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மணி பார்ப்பேன், பழக்கம்). "வேலைக்குப் போறீங்க, குடும்பம் நடத்துறீங்க, என் முகத்தைப் பார்த்துத் தெளிவா பேசுறீங்க. செல்போனைப் பார்த்துட்டு மனசைக் குழப்பிக்காதீங்கம்மா" என்றார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நல்ல மனிதர்தான். ஆனால் நான் பார்த்தது அவர் முகத்தை இல்லை, நெற்றியில் இருந்த குங்குமத்தை. எட்டாவது படிக்கும்போது ஒரு டீச்சர், திருட்டு முழி முழிக்காதே, கண்ணைப் பார்த்துப் பேசு என்று ஸ்கேலால் அடித்தார். அன்றிலிருந்து நெற்றியைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறேன், இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

இந்தச் சந்தேகம் செல்போனிலிருந்து வரவும் இல்லை. தங்கச்சி மகனுக்கு நாலு வயதாகியும் பேச்சு சரியாக வரவில்லை என்று தெரபிஸ்டிடம் காட்டினோம். சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொள்வேன் என்பதற்காக என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துகிறானா, சட்டைக் காலரில் இருக்கும் லேபிளை வெட்டச் சொல்கிறானா, போகிற பாதையை மாற்றினால் அழுகிறானா என்று அந்தம்மா ஒவ்வொன்றாகக் கேட்க, தங்கச்சி சிரித்துவிட்டாள். "மேடம், இதெல்லாம் அக்காவுக்கும் உண்டு." தெரபிஸ்ட் சிரிக்கவில்லை, எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் மொய் நோட்டு என் கையில்தான் இருக்கும். பெரும்பாலும் ஆண்கள் செய்கிற வேலை அது. கணக்குப் படித்த பிள்ளை, ஒரு ரூபாய் தப்பாது என்று பெரியப்பா ஆரம்பித்து வைத்தார், அப்படியே நிலைத்துவிட்டது. உங்கள் டாக்டரிடம் இதைச் சொன்னேன். "பார்த்தீங்களா, ஆயிரம் பேரோட பழகுறீங்க" என்றார். இல்லை டாக்டர். மொய் மேசை மாதிரி பாதுகாப்பான இடம் ஒரு மண்டபத்தில் வேறு கிடையாது. எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கும், யாரும் கட்டிப்பிடிக்க முடியாது, தலையை நிமிர்த்தவே வேண்டாம். பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான் பேச்சு. துக்க வீட்டுக்குப் போனால் எல்லாருக்கும் தண்ணீர்ச் சொம்பு கொண்டுபோய்க் கொடுப்பேன், கை நிறையச் சொம்பு இருந்தால் யாரும் தோளைப் பிடித்து அழ மாட்டார்கள். விருந்தாளி வந்தால் என்ன பேச வேண்டும் என்பதை எங்கள் சித்தியிடம் கற்றேன். "வாங்க வாங்க, என்ன இப்படி இளைச்சிட்டீங்க" என்று அவர் சொல்கிற அதே ராகத்தில் சொல்வேன், ஒருமுறை நன்றாகப் பெருத்துப்போய் வந்த ஒருவரிடமும் சொல்லிவிட்டேன்.

மண்டபத்தில் எப்படி இருந்தேன் என்று கேட்டீர்கள் சரி, மறுநாள் வீட்டில் எப்படி இருந்தேன் என்று ஏன் கேட்கவில்லை? கெட்டிமேளமும் மைக்செட்டும் மல்லிகைப்பூ வாசமும் பட்டுச்சேலை உறுத்தலும் எல்லாம் சேர்ந்து அடுத்த இரண்டு நாள் என்னைப் படுக்கையில் தள்ளிவிடும், ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடப்பேன், பேச நினைத்தாலும் வார்த்தை வராது. அவளுக்கு ஒற்றைத் தலைவலி என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். எனக்குத் தலை வலித்ததே இல்லை.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். அரசாங்கக் காகிதங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று ஒரு பெயர் இருக்கிறது. முதல்முறை வாசித்தபோது அப்படியென்றால் நமக்கு இல்லை போல என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் எனக்குப் புற உலகம் கொஞ்சம் அதிகமாகவே வந்து சேர்கிறது. அந்தக் கிளினிக்கில் டியூப்லைட் சோக் இரைந்துகொண்டே இருந்தது, ஏழு நிமிடமும் அது கேட்டது. யார் வைத்த பெயரோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்புறம் இன்னொரு இடத்துக்கும் போனேன். அங்கே ஐசா என்ற இந்திய அளவுகோலை எடுத்தார்கள். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. குழந்தை மாதிரி கீச்சென்று சத்தம் போடுவாரா என்று ஒரு கேள்வி. அதை 41 வயதுக்காரியிடம் வாசிக்க அந்தப் பெண்ணுக்கே சங்கடமாகப் போய்விட்டது, இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு 58 வந்தது. எதுவுமே இல்லாதவருக்கும் 40 வரும், ஆகவே என் கணக்குப்படி அது 18தான். குழந்தைகளைப் பார்த்து மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுக்க அது உதவும் என்பது புரிகிறது, தங்கச்சி மகனுக்கு உதவியது. 2016ஆம் ஆண்டு சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, 40 சதவீதம் இருந்தால்தான் சலுகை, எல்லாம் தெரியும். எனக்கு அந்த அட்டை வேண்டாம், அட்டைக்காக அலைகிறவர்கள் படுகிற பாட்டைத் தங்கச்சி வீட்டிலேயே பார்க்கிறேன்.

கேம்பிரிட்ஜில் உருவாக்கி 2001இல் வெளியிட்ட 50 கேள்வித் தாளும் ஒன்று இருக்கிறது, பெரியவர்களுக்கானது. அதில் பார்ட்டிக்குப் போவதைவிட லைப்ரரிக்குப் போவது பிடிக்குமா என்று வருகிறது. எங்கள் ஊரில் ஏது பார்ட்டி? காதுகுத்து உண்டு, சடங்கு உண்டு. அதற்குப் போகாமல் லைப்ரரியில் உட்கார்ந்தால் நாம் செய்த மொய் திரும்பி வராது. பிடிக்குமா பிடிக்காதா என்று எங்களை யாரும் கேட்டதே இல்லை, அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லவே எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. தமிழில் வார்த்தையை மட்டும் மாற்றிக் கொடுத்தால் இது தீராது, காதுகுத்தை வைத்துக் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் கோலத்தை வைத்தும் கேட்கலாம். பத்து வயதிலிருந்து கோல நோட்டு வைத்திருக்கிறேன், 23 நோட்டு, நேர்ப்புள்ளி தனி, இடுக்குப்புள்ளி தனி, 15 புள்ளி 8 வரை ஒரு நோட்டு, சிக்குக்கோலம் மட்டும் நாலு நோட்டு. வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாத வயதில் இதைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவேன். ஒரு பையன் இப்படிப் பஸ் நம்பர்களை எழுதி வைத்திருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள். எனக்குப் பொறுப்பான பொண்ணு என்று பெயர்.

அந்த இரண்டாவது இடத்தில் அம்மாவையும் அழைத்து வரச் சொன்னார்கள், சிறுவயதில் எப்படி என்று தெரிய வேண்டுமாம். நியாயம்தான். 73 வயதில் பஸ் ஏறி வந்தார். "சின்ன வயசுல எப்படிம்மா இருந்தாங்க?" என்று கேட்டதற்கு, "தங்கம் சார். இருக்கிற இடமே தெரியாது" என்றார். வளர்ச்சி இயல்பு என்று எழுதிக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அம்மா தானாகச் சொல்கிறார்: "பாவாடை நாடா இடுப்புல பட்டா ஊரைக் கூட்டுவ நீ. தையலை வெளிப்பக்கமா திருப்பித்தான் போட்டு விடுவேன், அஞ்சு வயசு வரைக்கும்." அதை ஏன்மா உள்ளே சொல்லவில்லை என்றேன். "அவர் வியாதியைத்தானே கேட்டாரு? பொண்ணோட பாவாடைக் கதையையா டாக்டர்கிட்ட சொல்லுவாங்க?"

நான் சொல்ல வந்தது இதுதான், டாக்டர். வளர்ச்சி இயல்பா என்று அம்மாக்களிடம் கேட்காதீர்கள், பாவாடை நாடாவைக் கேளுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்ன செய்வாள், யார் தொட்டால் நெளிவாள், திருவிழாவில் எங்கே போய் ஒளிவாள் என்று கேளுங்கள். இதற்கு ஏழு நிமிடம் போதாது, வெளியே எண்பது பேர் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பதும் தெரியும், அப்படியென்றால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், வருகிறேன். நோயை முடிவு செய்ய நீங்கள் பார்க்கிற, 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டிலேயே, கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் பிற்காலத்தில் மறைந்து தெரியலாம் என்று இருக்கிறது. கடைசியில் இது ஆட்டிசம் இல்லை, பதற்றம்தான், வேறு ஏதோதான் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்வேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

41 வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டார் அந்த ஏழு நிமிட டாக்டர். அலுவலகத்தில் சுவர் ஓரமாக ஒரு இடம் கேட்பேன், ஒற்றைத் தலைவலி என்று பொய் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொல்வேன். அதைவிட, என் மகள் ஆறு மாதமாக ஸ்கூல் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். இருட்டும் வரை யாரிடமும் பேசுவதில்லை. டீச்சரிடம் விசாரித்தேன். தங்கமான பொண்ணு என்றார்.

அடுத்த மாதம் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் உங்கள் முன்னால் உட்கார்ந்தால் வாயில் வார்த்தை வராது, அதனால் ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம், மூன்று அவளுடையது. முதலில் அதை வாங்கிப் படியுங்கள். முடிந்தால் அந்த டியூப்லைட்டை அணைத்து வையுங்கள்.

இப்படிக்கு,
மொய் எழுதுகிறவள்,
மதுரை