செவலை மாடுகள் மேயும் புதர்வெளி

வேர்ஹாம், டார்செட்
மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அங்கே மாடு கன்று கண்ணில் படுகிறதா என்று நீங்கள் கேட்பதும், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் “படுது, படுது” என்று சொல்லி முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. இரவுப் பணி முடிந்து மூன்று நாள் விடுப்பு கிடைத்திருப்பதால், அந்தக் கேள்விக்கு இப்போது நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

வேர்ஹாம் என்பது இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்துக்கு மேற்கே உள்ள சிற்றூர். ஊரைத் தாண்டினால் பர்பெக் வட்டாரத்தின் புதர்வெளி தொடங்கிவிடும். இவர்கள் அதை ‘ஹீத்’ என்கிறார்கள். மணல் கலந்த, சத்தில்லாத புளிப்பு மண். முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்னும் குறுஞ்செடி. நடுநடுவே கார்ஸ் என்னும் முட்புதர். ஊட்டிக்குப் போனபோது மேட்டில் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த முட்செடியைக் காட்டி, இதை எந்த மாடு தின்னும் என்று கேட்டீர்களே, அதுவேதான். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரியில் நட்டது. வெயில் ஏறியதும் அதன் பூவிலிருந்து தேங்காய் துருவும்போது எழும் வாசம் வருகிறது. முதல் முறை முகர்ந்தபோது, அருகில் யாரோ சமைக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

இந்த நிலம் தானாகவே இப்படி இருக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் இது காடாகிவிடாமல் மனிதரும் கால்நடையும் பிடித்து வைத்திருக்கும் வெளி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் காலத்திலேயே இங்கிருந்த மரங்களை வெட்டித் திறந்திருக்கிறார்கள். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக மாடும் குதிரையும் மேய்ந்ததாலும், ஊர் ஏழைகள் கார்ஸை அடுப்புக்கும் பெரணியைத் தொழுவத்தில் பரப்பவும் அறுத்துச் சென்றதாலும் மரம் தலையெடுக்கவில்லை. மேய்ச்சல் நின்றுபோன இடங்களில் பைனும் பிர்ச்சும் முளைத்து, ஒருவர் பார்த்திருக்கும்போதே தோப்பாகிவிட்டன. மற்ற இடங்களை உழுதார்கள், பைன் தோட்டம் போட்டார்கள், வீடு கட்டினார்கள். இங்கிலாந்தின் தாழ்நிலப் புதர்வெளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 1800-க்குப் பிறகு அழிந்துபோயிற்று. எஞ்சியதைத் துண்டு துண்டாகக் காத்துப் பயனில்லை என்று கண்டு, 2020-ல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பு உள்ளிட்ட ஏழு தரப்பினர் தங்கள் நிலங்களைச் சேர்த்து, சதுப்பும் மணல்மேடும் உட்பட 3,331 ஹெக்டேரை ஒரே தேசிய இயற்கைக் காப்பகமாக்கினார்கள்.

அந்தக் காப்பகத்தில் மாடு மேய்கிறது, அப்பா. தெரியாமல் புகுந்த மாடு அல்ல, வேலைக்கென்று விடப்பட்ட மாடு. டெவன் இனம், நம் தாத்தா வைத்திருந்த செவலைப் பசுவை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகச் சிவக்க வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு நிறம், மயிர் மட்டும் சுருள். போன சனிக்கிழமை ஒன்று வழியிலேயே நின்று மேய்ந்துகொண்டிருந்ததால் கால் மணி நேரம் நானும் நின்றேன். ஈரத்தில் கத்தை கத்தையாக வளரும் ஒரு முரட்டுப் புல்லை நாக்கால் சுற்றி வளைத்து, தலையை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. வராத கத்தையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற பிர்ச் கன்றின் கொழுந்தை ஒரே கடியில் முடித்தது. அந்தப் புல்லை விட்டுவைத்தால் ஹெதரை மூடிவிடும், அந்தக் கன்றை விட்டுவைத்தால் மரமாகிவிடும். இயந்திரம் கொண்டு வெட்டினால் எல்லாம் ஒரே மட்டமாகப் போய்விடும். மாடு ஓரிடம் மொட்டையாகவும் ஓரிடம் புதராகவும் விட்டுப் போகிறது, இங்குள்ள பூச்சிக்கும் பறவைக்கும் அந்த ஏற்றத்தாழ்வுதான் வேண்டியிருக்கிறது. மாடு தொடாத முட்புதரின் நுனியைக் குளிர்காலத்தில் எக்ஸ்மூர் மட்டக்குதிரைகள் கடிக்கின்றன. பெரணி வேரைக் கிண்ட, செம்மறி போலச் சுருட்டை மயிர் கொண்ட பன்றிகளையும் இறக்கியிருக்கிறார்கள். சாணத்தைக்கூட யோசிக்கிறார்கள்: குடற்புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தில் சாண வண்டு வாழாது என்பதால் அந்த மருந்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குளம்பு பட்டுப் பெயர்ந்த வெற்று மணலுக்கும் ஒரு பயன் உண்டு. இந்த நாட்டில் இயல்பாக வாழும் ஊர்வன மொத்தமே ஆறு வகை. ஆறும் பர்பெக்கில் உள்ளன. அவற்றில் மணல் பல்லி வெயில் படும் வெற்று மணலில்தான் முட்டையிடும். ஏப்ரலில் ஒரு ஆண் பல்லியைப் பார்த்தேன். இனச்சேர்க்கைக் காலமாதலால் இரு விலாவும் பச்சைப் பாசிமணி பதித்ததுபோல் இருந்தன. அதற்கு முன் மார்ச்சில், உறக்கம் கலைந்து வெளியே வந்த ஆடர் பாம்பு காய்ந்த பெரணிமேல் சுருண்டு வெயில் காய்ந்தது. முதுகு நெடுகக் கோணல்மாணலாக ஒரு கரிய கோடு. நம் விரியனின் உறவுதான், குட்டி போடும் வகை. இந்த நாட்டில் இயல்பாக வாழும் நச்சுப் பாம்பு இது ஒன்றுதான். அம்மாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்ட வேண்டாம்.

கார்ஸ் உச்சியில் உட்கார்ந்து கரகரவென்று பாடும் டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவியையும் கண்டேன். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, நாவற்பழச் சாறு கொட்டிய நெஞ்சு, தூக்கிய நீள வால். மற்ற பல பூச்சியுண்ணிப் பறவைகள் போலத் தெற்கே பறந்து போகாமல் இது குளிர்காலத்தையும் இங்கேயே கழிக்கும். 1962-63-ன் கொடும் பனியில் நாடு முழுவதிலும் பதினோரு இணைகளே மிஞ்சின என்கிறார்கள். அதைப் பின்தொடர்ந்து பாதையை விட்டு நாலடி உள்ளே போனபோது, தொண்டு செய்யும் மூதாட்டி ஒருவர் கைதட்டி நிறுத்தினார். இங்கே பல பறவைகள் தரையில் கூடு கட்டுவதால் மார்ச் முதல் ஜூலை முடியும்வரை நாயைக்கூடக் கயிற்றில்தான் பிடித்துப் போக வேண்டும். நான் நாயைவிட மோசமாக நடந்துகொண்டேன் என்று அவர் சொல்லவில்லை, பார்வையில் இருந்தது.

அன்று மாலை அவரோடுதான் பக்கி என்னும் இரவுப் பறவைக்காகக் காத்திருந்தேன். ஆம், நம் ஊர்ப் பக்கியின் இனம்தான்; ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதத்தில் வந்து சேர்கிறது. ஒன்பதரை மணிக்கு, வானத்தில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போதே, தையல் இயந்திரத்தை நிறுத்தாமல் மிதிப்பதுபோல் ஓர் ஒலி எழுந்தது. பிறகு இறக்கைகளைத் தட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலேயே பறந்தது. இந்தப் பறவை இரவில் ஆட்டின் மடியில் பால் குடிக்கிறது என்று ஐரோப்பாவில் முன்பு நம்பினார்களாம். அதன் லத்தீன் பெயருக்கே ‘ஆட்டுப்பால் கறப்பது’ என்றுதான் பொருள். கால்நடையைச் சுற்றிப் பறக்கும் பூச்சியைப் பிடிக்கத்தான் அது வரும் என்று நீங்கள் எனக்குச் சிறுவயதில் சொன்னதை அவரிடம் சொன்னேன். உங்கள் தந்தை என்ன படித்தார் என்று கேட்டார். மலைமாடு மேய்த்தார் என்றேன்.

அதைச் சொன்ன பிறகு மனம் சற்றுக் கனத்தது உண்மை. 2022-ல் காட்டில் மாடு மேய்க்க நீதிமன்றத் தடை வந்தபின் நீங்கள் மாடுகளை விற்ற நாளில் நான் அங்கே இல்லை. நம் மலை வேறு, இந்தப் புதர்வெளி வேறு. புலி வாழும் காட்டையும் இதையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இங்கே எத்தனை மாட்டை, எந்த மாதத்தில், எந்தப் பக்கம் விடலாம் என்பதை மாட்டுக்காரரையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்கிறார்கள். அதற்கு அரசுத் திட்டங்களிலிருந்து பணமும் தருகிறார்கள். உங்களிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த மூதாட்டி இரண்டு கேள்விகள் கேட்டு அனுப்பச் சொன்னார். மேயும் மாட்டை ஓர் இடத்தில் எத்தனை நாளைக்கு மேல் நிறுத்த மாட்டீர்கள்? நகர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதைப் புல்லைப் பார்த்துச் சொல்வீர்களா, சாணத்தைப் பார்த்தா? எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது; தவறாகச் சொல்ல மனமில்லை. தம்பியிடம் சொல்லி எழுதவைத்தாலும் சரி, அடுத்த ஞாயிறு நான் கூப்பிடும்போது சொன்னாலும் சரி. அம்மாவின் முழங்கால் மாத்திரைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

அன்பு மகள்