இமேஜ் எடுக்காமல் மூல ஹார்ட் டிஸ்க்கிலேயே செக்டிஸ்க் ஓட்டியது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: 2 டிபி ஹார்ட் டிஸ்க் டேட்டா மீட்பு – ஒப்புக்கொண்ட முறையை மீறியது, தவறான அறிக்கை, செய்யாத வேலைக்குக் கட்டணம் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் பழைய ஹார்ட் டிஸ்க்கும், அதிலிருந்து மீட்டதாக நீங்கள் சொல்லும் ஃபைல்கள் அடங்கிய புதிய டிஸ்க்கும் வந்து சேர்ந்தன. கூடவே ‘98% மீட்பு, பணி வெற்றி’ என்று ஓர் அறிக்கையும் வந்தது. அந்த அறிக்கையை நான் ஏற்கவில்லை. தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். “ஃபைல் எல்லாம் வந்துடுச்சே மேடம், பேரு மட்டும்தானே மாறியிருக்கு” என்பதற்கு மேல் உங்கள் ஊழியரிடமிருந்து பதில் வரவில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன். பதிலும் எழுத்திலேயே வேண்டும்.

டிஸ்க் உங்கள் கைக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொண்டது. கொள்ளளவைச் சரியாகக் காட்டியது. டிக் டிக் என்ற சத்தம் கிடையாது. திறக்கப் போனால் மட்டும், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று விண்டோஸ் சொன்னது. ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் ஃபைல் சிஸ்டத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ரா’, அதாவது அமைப்பு புரியவில்லை, என்று நின்றது. நான் ஃபார்மட் கொடுக்கவில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். அதில் 197-ஆம் எண்ணுள்ள வரி, அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்களின்) கணக்கு, பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட் உங்கள் படிவத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பெற்றுக்கொண்டதாக உங்கள் முத்திரையும் அதில் இருக்கிறது. ஆகவே பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க் இது என்பது உங்களுக்கு முதல் நாளே தெரியும்.

உங்கள் சேவை ஒப்பந்தத்தின் முதல் விதியை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். மூல டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது, செக்டர் செக்டராக முழு இமேஜ், அதாவது அச்சு அசலான நகல், எடுத்த பிறகு அந்த இமேஜின் மேல்தான் வேலை நடக்கும் என்கிறது அந்த விதி. சரியான விதி. இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதும் அதுதான்.

நீங்கள் அதைச் செய்யவில்லை.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. டிஸ்க் திரும்பி வந்ததும் வேறொரு டெக்னீஷியனிடம் கொடுத்தேன். அவர் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் மாட்டி, டிடிரெஸ்க்யூ கொண்டு இமேஜ் எடுத்தார். சிக்கலில்லாத பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் மென்பொருள் அது. எந்தெந்த இடம் படிக்கக் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு மேப் ஃபைலும் எழுதித் தரும். அந்த இமேஜைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ‘ஃபவுண்ட்.000’ என்ற ஃபோல்டர். டிஸ்க்கின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க் ஓடும்போது, வீடு வாசல் தெரியாத துண்டுகளைப் போட்டுவைக்க விண்டோஸ் தானே உருவாக்கும் ஃபோல்டர் அது. அது உருவான தேதியில் டிஸ்க் உங்கள் லேபில் இருந்தது. ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ ஃபோல்டருக்குள் செக்டிஸ்க் விட்டுச்சென்ற பதிவேடும் அப்படியே இருக்கிறது. அதன் தேதியும் அதே நாள். ‘டெலீட்டிங் கரப்ட் ஃபைல் ரெக்கார்டு செக்மென்ட்’ என்ற வரி, எண் மட்டும் மாறி மாறி, பக்கம் பக்கமாக ஓடுகிறது. டிஸ்க்கில் எதையும் எழுதவில்லை என்று இனியும் சொல்வீர்களானால், அந்தப் பதிவேட்டை எழுதியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அந்த வரியின் பொருள் உங்கள் டெக்னீஷியன்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மேலாளருக்காகச் சொல்கிறேன். என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்.எஃப்.டி என்ற பட்டியலில் ஒரு ரெக்கார்டு உண்டு. வழக்கமாக 1024 பைட். ஃபைலின் பெயர், எந்த ஃபோல்டரில் இருக்கிறது, தேதிகள், டேட்டா டிஸ்க்கில் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது, எல்லாம் அதற்குள்தான். ரெக்கார்டு அரைகுறையாகக் கெட்டிருந்தால், பெயரையாவது பிடுங்க முடியுமா என்று மீட்பு மென்பொருள் பார்க்கும். செக்டிஸ்க்கின் வேலை அது அல்ல. கணக்கு நேராக வேண்டும், டிஸ்க் மறுபடி திறக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு. கணக்கில் இடிக்கும் ரெக்கார்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஆரோக்கியமான டிஸ்க்கில், நகல் கையில் இருக்கும்போது அதை ஓட்டுவதில் தவறில்லை. உங்களிடம் இரண்டும் இல்லை. தடயம் எடுக்க வந்தவர்கள் முதலில் அறையைக் கழுவிவிட்டு, பிறகு கேமராவை எடுத்த கதை இது.

போதாததற்கு, கெட்ட செக்டர்களையும் தேடச் சொல்லி ஓட்டியிருக்கிறீர்கள். அப்படி ஓட்டினால் டிஸ்க்கின் முழுப் பரப்பையும் ஒரு மூலை விடாமல் படிக்கும். தள்ளாடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அது எப்பேர்ப்பட்ட பாடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் கொடுத்தபோது இருந்த 197-ஆம் வரி எண்ணையும் திரும்பி வந்தபோது இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல மடங்கு ஏறியிருக்கிறது. தானாகவே மோசமாகியிருக்கலாம் என்று பதில் வரும் என எனக்குத் தெரியும். இருக்கலாம். அப்படி மோசமாகக்கூடும் என்பதற்காகத்தானே இமேஜை முதலில் எடுக்கச் சொல்கிறார்கள்?

இனி, பேரு மட்டும்தானே என்ற பதிலுக்கு வருகிறேன்.

நான் பத்திரிகைப் பக்கங்களை வடிவமைப்பவள். என் டிஸ்க்கில் இருந்தவை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பக்கங்கள், அவற்றில் வைக்கப்பட்ட படங்கள், விளக்கப்படங்கள், எழுத்தாளர்கள் அனுப்பிய பிரதிகள். பக்கத்தில் வைக்கும் படம் முழுத் தரத்தோடு அந்தப் பக்கத்தின் ஃபைலுக்குள் போய் உட்காருவதில்லை. இன்ன ஃபோல்டரில் இன்ன பெயரில் இருக்கிறது என்ற இணைப்பு மட்டும்தான் பதிவாகும். நீங்கள் தந்த டிஸ்க்கில் படங்கள் ‘எஃப்’ என்ற எழுத்தும் அதன் பின்னால் செக்டர் எண்ணுமாக வந்திருக்கின்றன. ஃபோல்டர்கள் வெறும் வரிசை எண்களோடு நிற்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் இணைப்புப் பட்டியல் முழுக்கச் சிவப்புக் கேள்விக்குறிகள். ஒரே புகைப்படத்தின் திருத்தாத பிரதி, நிறம் திருத்திய பிரதி, அச்சுக்குப் போன பிரதி எல்லாம் பல்லாயிரம் ஃபைல்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. எது எதுவென்று பெயர் சொல்லும், பெயர்தான் போய்விட்டதே. இதைத்தான் உங்கள் ஊழியர் ‘மட்டும்’ என்கிறார்.

ஃபைல் பெயர்களின் அமைப்பைப் பார்த்தால் நீங்கள் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைப் பயன்படுத்தியது தெரிகிறது. இலவச மென்பொருளைப் பயன்படுத்திக் காசு வாங்கினீர்கள் என்பது என் புகார் அல்ல. நல்ல கருவி, வேறு வழியே இல்லாதபோது கைகொடுக்கும். ஆனால் அது ஃபைல் சிஸ்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு வகை ஃபைலின் தொடக்க அடையாளத்தைத் தேடி அங்கிருந்து வெட்டி எடுக்கும் முறை. பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. ஒரு ஃபைல் டிஸ்க்கில் ஒரே நீளமாக இல்லாமல் துண்டுதுண்டாகக் கிடந்தால் பெரும்பாலும் உடைந்தே வரும். அதனால்தான் நீங்கள் தந்த படங்களில் பல, மேலே நான்கு விரல் அகலம் தெளிவாகவும் அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையாகவும் திறக்கின்றன. கடைசியில் போகவேண்டிய இடத்துக்கு, முன்னால் இருந்த வழிகளை நீங்களே அடைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இந்த நிலையில் 98% எங்கிருந்து வந்தது? உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பைப் பார்த்தேன். கிடைத்த ஃபைல்களின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு அது. அதில் ‘டி’ (t) என்ற எழுத்தில் தொடங்கும் ஃபைல்கள் ஏராளம். அவை கேமரா ஒவ்வொரு ஜேபெக் படத்துக்குள்ளும் ஒளித்துவைக்கும் 160-க்கு 120 பிக்சல் சிறுபடங்கள். பெரிய படத்தை ஒரு முறை, அதன் வயிற்றில் இருந்த சிறுபடத்தை ஒரு முறை என்று எண்ணியிருக்கிறீர்கள். மென்பொருள் ஐகான்களையும் பிரவுசர் தேக்கிவைத்த விளம்பரப் படங்களையும்கூட விடவில்லை. எனக்கு வேண்டியவை என்று படிவத்தில் நான் எழுதிக்கொடுத்த ஃபோல்டர்களின் பட்டியலோ அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ‘ஃபவுண்ட்.000’-க்குள் இருந்ததையும் வெற்றிக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அவற்றுள் சில, அளவு பார்த்தால் சரியாக இருக்கின்றன. திறந்து பார்த்தால் தலையிலிருந்து கால் வரை வெறும் பூஜ்யம்.

இரண்டாவது டெக்னீஷியன் எடுத்த இமேஜிலிருந்து, செக்டிஸ்க்கின் கைக்குத் தப்பிய ரெக்கார்டுகளைக் கொண்டு சில பழைய இதழ்களின் ஃபோல்டர்கள் பெயரோடும் தேதியோடும் முழுமையாகவே வந்துவிட்டன. வேலை நடந்துகொண்டிருந்த இதழ்களின் ஃபோல்டர்கள் வரவில்லை. அவற்றின் ரெக்கார்டு எண்கள் உங்கள் பதிவேட்டின் டெலீட் வரிகளில் இருக்கின்றன. அந்த இமேஜை முதல் நாளே நீங்கள் எடுத்திருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பது அவர் எழுதித் தந்திருக்கும் கருத்து. அதன் நகலும் பதிவேட்டின் நகலும் இத்துடன் வருகின்றன.

பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கிளீன் ரூம் பணி’ என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறீர்கள். கிளீன் ரூம் எதற்கு என்று எனக்குத் தெரியும். சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் டேட்டாவைப் படிக்கும் ஹெட் மிதக்கிறது. மூடியைத் திறந்து ஹெட் மாற்ற வேண்டுமென்றால் தூசி வடிகட்டிய அறை வேண்டும். என் டிஸ்க்கின் மூடி திறக்கப்படவே இல்லை. திருகின் மேல் ஒட்டியிருக்கும் வாரண்டி ஸ்டிக்கர் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. நெருக்கத்தில் எடுத்த படம் இணைத்திருக்கிறேன். மூடியே திறக்காத டிஸ்க்குக்குக் கிளீன் ரூமில் என்ன வேலை நடந்தது?

நான் கேட்பது இதுதான். டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் இல்லை என்பது உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நான் குறிப்பிட்ட ஃபோல்டர்களில் ஒன்றுகூட உருப்படியாக வராததால், கிளீன் ரூம் தொகை உட்பட முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். இரண்டாவது டெக்னீஷியனுக்கு நான் கொடுத்த தொகையையும் நீங்களே ஏற்க வேண்டும். உங்கள் வேலை முறையாக நடந்திருந்தால் அவரிடம் போயிருக்கவே மாட்டேன். 98% என்ற அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, டிஸ்க்கில் எந்த நாளில் எந்த மென்பொருளை எந்த வரிசையில் ஓட்டினீர்கள் என்ற பணிப் பதிவை எனக்குத் தர வேண்டும். செக்டிஸ்க்குக்கு முன்னால் எடுத்த இமேஜ் ஏதாவது, அரைகுறையாகவேனும் உங்கள் சர்வரில் இருந்தால், பணத்தைவிட எனக்கு அதுதான் பெரிது. அதை உடனே அனுப்புங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களோடு நுகர்வோர் அமைப்பை அணுகுவேன்.

அதுவரை என் டேட்டாவின் எந்தப் பிரதியையும் உங்கள் பக்கத்தில் அழிக்க வேண்டாம். அழிக்கவேண்டிய நேரம் வரும்போது நான் எழுதித் தருகிறேன். வெளிவராத பிரதிகளும் மற்றவர்களின் புகைப்படங்களும் அதில் இருப்பதால், அழித்ததற்கும் உங்கள் கையெழுத்தோடு ஒரு சான்று எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்