ஆய்வு நெறியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை அஞ்சலில் போய்ச் சேரும். அஞ்சல் செலவு சங்கத்தினுடையது.

பொதுக்குழு ஜூனில் கூடியது. ஓணத்துக்கு முன் செயற்குழு கூடிக் கலைந்தது. பொங்கல் விடுமுறையில் வழக்கமான சிறப்புரை நடந்தது.

இனி, முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டும் நெறியாளர்களான நமக்கே நடத்திய பயிலரங்கு. செயலாளர் தம் விருப்பத்துக்காகச் சங்கப் பணத்தைக் கரைக்கிறார் என்று பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகள் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையில் இருந்த எம்.ஃபில். ஆய்வுப் படிப்பை நிறுத்திவிட்டன. தலைப்பைச் சுருக்குவதையும் அடிக்குறிப்பு எழுதுவதையும் அங்கே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு வந்தவர்கள், இப்போது முதுகலை முடித்த கையோடு நம் முன் வந்து உட்காருகிறார்கள். நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் எடுத்தவருக்கு முதுகலையும் வேண்டியதில்லை. கேரளத்தில் அந்தப் படிப்பு 2024 ஜூலையில் தொடங்கிவிட்டது. முதல் அணி 2028இல் வெளிவரும். மாணவருக்குக் குறைந்தது 12 கிரெடிட் பாடப்பணி உண்டு. வழிகாட்டும் உதவிப் பேராசிரியருக்கோ முனைவர் பட்டமும் மூன்று ஆய்வுக் கட்டுரைகளும் இருந்தால் போதும். நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். வழிகாட்டத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்பதில்லை.

நம்மை நாமே கேட்டுக்கொள்வோம் என்றுதான் பயிலரங்கைத் தொடங்கினேன். தாம் திருத்திய ஆய்வேட்டு இயல் ஒன்றை, மாணவர் பெயரை மறைத்து, ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். ஒருவர் திருத்தத்தை மற்றவர் படிக்க வேண்டும். படித்தோம். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் சிவப்பு மையில் குறைவின்றித் திருத்தப்பட்டிருந்தன. ‘இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?’ என்று ஓரத்தில் எழுதியவர்களைத் தேட வேண்டியிருந்தது. அட்டப்பாடி இருளர் பாடல்களைப் பற்றிய ஓர் இயலில் ரகர றகரமெல்லாம் ஒழுங்காக இருந்தன. பாடியவர் யார், எந்த ஊரில் பாடினார், பாடல் ஆய்வேட்டில் ஏறுவதற்கு இசைந்தாரா என்ற செய்தி மட்டும் இல்லை. திருத்தியவரும் கேட்டிருக்கவில்லை. அன்றைய விவாதம் கடைசிப் பொள்ளாச்சி பஸ் வரை நீண்டது.

அடுத்த அமர்வில், கைக்கு வந்த இயலை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தருவதென்று எழுதிக் கையெழுத்திட்டோம். சிலர் சொல்லைக் காப்பாற்றுகிறார்கள் என்று அவர்களுடைய மாணவர்களே சொல்கிறார்கள்.

வராதவர்களுக்கு வருவோம். மூத்த உறுப்பினர் ஒருவர், ‘இருபத்தைந்து ஆண்டாக வழிநடத்துகிறேன், எனக்கு யார் பயிற்சி தருவது?’ என்று கேட்டனுப்பினார். வந்திருந்தால் தெரிந்திருக்கும்: அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்களில் இருவர் அவருடைய பழைய மாணவர்கள், இன்று நெறியாளர்கள். இன்னொருவர், ஓய்வுக்கு மூன்றாண்டு இல்லாதவர் புதியவரைச் சேர்க்க முடியாது என்ற விதியைக் காட்டி, ஆகவே தமக்குப் பயிற்சி தேவையில்லை என்றார். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் இருக்கிறார்களே என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. மற்றவர்கள் தொலைபேசியில் கேட்டது ஒன்றே: சான்றிதழ் உண்டா, பதவி உயர்வுக்கு ஆகுமா? இல்லை என்றதும் அத்தனை பேர் வீட்டிலும் அன்று ஏதோ விசேஷம் வந்துவிட்டது.

கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு போதவில்லை. செலவு அதைப் பொருட்படுத்தவில்லை. இடைவெளியைத் தலைவர் நன்கொடை என்ற பெயரில் நிரப்பினார். ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாய். கோயம்புத்தூருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போய்வரும் பேராசிரியருக்கு அது பெரிய தொகையன்று. ஆயினும் பாதிக்கு மேற்பட்டோர் பாக்கி. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியலைக் கொண்டுவந்திருக்கிறேன்.

இடம் தந்த கல்லூரிக்கும், தேநீர் தந்த கடைக்காரருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு, பாதியில் நின்றுபோன ஆய்வாளர்களை மீண்டும் அழைத்து வருவது பற்றி அமர்வுகள் நடத்த நினைத்திருக்கிறேன், நினைத்திருக்கிறோம். முனைவர் பட்ட ஆய்வுக்கு உரிய ஆறாண்டு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று விலகிய பெண்கள் இப்பகுதியில் உண்டு. அவர்களுக்குக் கூடுதலாக இரண்டாண்டுத் தளர்வு தர விதியில் இடமிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர் நெறியாளர். அவருக்கே தெரியாவிட்டால் எப்படிச் சொல்வார்?

இப்பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமில்லை என்று சென்ற ஆண்டும் சொன்னேன், அதற்கு முந்தைய ஆண்டும் சொன்னேன். இளையவர் எவரேனும் முன்வந்தால் பதிவேடுகளை இன்றே ஒப்படைத்துவிடுவேன். எவரும் முன்வராவிட்டால், சந்தா வசூலிக்க ஒரு துணைச் செயலாளரையாவது பொதுக்குழு தர வேண்டும். ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. உணவு இடைவேளையில் வாசலருகே உள்ள மேசையில்தான் இருப்பேன்.

பணிவுடன்,
செயலாளர்