பூரிப்பு வேறு, குதூகலம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் உங்கள் பத்திரிகையில் 'மகள் சாதனை. தாய் குதூகலம்' என்று ஒரு தலைப்பு. படத்தில் அந்த அம்மா கண் கலங்கி, மகளின் தோளைப் பிடித்தபடி நிற்கிறார். இதுவா குதூகலம்? அதற்குக் கொஞ்சம் சத்தமும் ஆட்டமும் வேண்டாமா? மழைக்கு லீவு விட்டால் பிள்ளைகள் போடுகிற கூத்துக்குப் பெயர் குதூகலம். பெற்ற மனம் நிறைந்து முகத்தில் பொங்குவது பூரிப்பு. 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்' என்று வள்ளுவர் சொன்னதும் இப்படி ஒரு தாயைத்தான்.

நான் தென்காசியில் ஓர் அச்சகத்தில் அழைப்பிதழ்களுக்கு புரூஃப் பார்ப்பவள். பேரனின் காதணி விழாவுக்கு 'அழைப்பதில் இறும்பூது எய்துகிறோம்' என்றே போட வேண்டும் என ஒரு பெரியவர் பிடிவாதம் பிடித்தார். சங்கப் பாடல்களில் இறும்பூது என்றால் வியப்பு. பேரனுக்குக் காது இருப்பதைப் பார்த்தா வியந்தீர்கள் என்று வாய்வரை வந்தது. வாடிக்கையாளர் ஆயிற்றே, அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டோம்.

களிப்பின் கதை வேறு. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் 'களித்தறியேன் என்பது கைவிடுக' என்று வருகிறது. குடித்ததே இல்லை என்று பொய் சொல்லாதே என்கிறார் வள்ளுவர். மகிழ்ச்சியும் யோக்கியமில்லை. 'உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கில்' என்ற குறளில், நினைத்தாலும் கண்டாலும் போதை ஏறுவது கள்ளுக்கு இல்லை, காமத்துக்கு உண்டு என்கிறார். இரண்டுமே அங்கே போதைச் சொற்களாகத்தான் நிற்கின்றன. சரி, அந்த வாடையெல்லாம் எப்போதோ போய்விட்டது. 'கண்டு களித்தனர்' என்று எழுதினால் யாரும் மூக்கைப் பொத்தப் போவதில்லை. ஆனால் எக்களிப்பில் இன்னும் கொஞ்சம் திமிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்க்கட்சி தோற்றதற்குத் துள்ளுகிறவர்களுக்கு அது பொருந்தும். நிலுவை ஓய்வூதியம் கைக்கு வந்த முதியவர்களுக்கு அதைப் போட்டீர்களே, அது அடுக்காது.

உங்களைக் குறை மட்டும் சொல்லவில்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வருஷம் தவறாமல் 'ஆனந்தக் குளியல்' போடுகிறீர்கள். அதில் கை வைக்காதீர்கள். ஐந்தருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தவர்களுக்கு அது ஆனந்தமேதான்.

தலைப்பில் இடம் போதவில்லை என்றும் நீங்கள் சொல்ல முடியாது. குதூகலத்துக்கு 5 எழுத்து, பூரிப்புக்கு 4 தான்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
தென்காசி