தலைப்பிரட்டை இல்லையடா அது

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு வழக்கமான சாக்குகள்தான், எழுதி இடத்தை அடைக்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். அண்ணாச்சி இன்னும் அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை.

இனி விஷயம். "பாஸ் மீன் முட்டையிடும் சீசன் ஆரம்பிச்சிருச்சுடா, கரையோரம் முப்பது பெட் எண்ணினேன்" என்று எழுதி, முட்டைக்காக அடித்தரையில் பறித்த அந்தக் குழிகளின் படமும் வைத்திருந்தாயே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பதில் ஒன்றுகூட பாஸ் தோண்டியது இல்லை. அத்தனையும் புளூகில் என்ற சின்ன மீன் போட்டவை. தேனடை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. நாம் தேடும் லார்ஜ்மௌத் பாஸ் அப்படிக் காலனி போட்டுக் குடியிருக்காது. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே ஆறேழு அடியாவது விட்டிருக்கும். இடையில் ஒரு மரக்கட்டை பார்வையை மறைத்தால் சற்று நெருங்கும், அவ்வளவுதான். குழியின் விட்டமும் இரண்டு மூன்று அடி வரும்.

இன்னொன்று கேள், வருத்தப்படாதே. புளூகில் மும்முரமாகக் குழி போடுவது தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட பிறகு. பாஸ் 60-ஐத் தாண்டும்போதே தொடங்கிவிடும். ஆக, நீ எண்ணியது தொடக்கம் இல்லை. பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

அதைவிட வேடிக்கை உன் கடிதத்தின் நான்காம் பக்கம். போகிறபோக்கில் ஒரு வரி: நாணல் ஓரம் கறுப்பாகத் தலைப்பிரட்டைக் கூட்டம், பக்கத்தில் ஒல்லியாக ஒரு மீன், தண்ணீரில் கால் வைத்தால் பாய்ந்து வருகிறது. அடேய், அது தலைப்பிரட்டை இல்லை! தலைப்பிரட்டை அடித்தரையை ஒட்டி மேயும். நீ சொன்ன கூட்டமோ நடுத்தண்ணீரில் புகை மாதிரி மிதந்தது, நிழல் விழுந்ததும் மொத்தமாக ஒரே பக்கம் திரும்பியது. அவை பாஸ் குஞ்சுகள். ஒல்லி மீன் அவற்றின் தகப்பன். வாரக்கணக்கில் சரியாகத் தின்னாமல் காவல் காத்தால் யாருக்கும் உடம்பு வற்றத்தான் செய்யும். விரால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலைவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ, இதைத் தவறவிடலாமா? ஒரே வித்தியாசம், இங்கே தாய் முட்டையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். பிள்ளை வளர்ப்பு முழுக்கத் தகப்பன் தலையில்.

பின்னோக்கிக் கணக்குப் போடு. முட்டை பொரிக்கத் தண்ணீரின் சூட்டைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து நாள். பொரித்த குஞ்சு வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருவை உணவாக்கிக்கொண்டு குழியிலேயே கிட்டத்தட்ட ஒரு வாரம் கிடக்கும். பிறகுதான் எழும்பிக் கூட்டமாகத் திரியும். நீ பார்த்தவை அரை அங்குலத்துக்கு மேல் என்றால் முட்டை விழுந்து மூன்று வாரமாவது ஆகியிருக்கும். ஆண் மீன் இடம் தேடி வந்தது அதற்கும் முன்னால். அந்த நாட்களைத்தான் நீ ஒவ்வொரு வருஷமும் கோட்டை விடுகிறாய். குழியைத் தேடிப் போகிறவனுக்குக் குழி தென்படும்போது ஆரம்பம் முடிந்திருக்கும்.

நாள்காட்டியை நம்பாதே. தெற்கு ஃபுளோரிடாவில் டிசம்பர், ஜனவரியிலேயே முட்டையிடத் தொடங்கும், டெக்சஸில் மார்ச் வாக்கில் மும்முரம், மின்னசோட்டாவில் மே பாதி தாண்ட வேண்டும். பௌர்ணமிக்குத்தான் மீன் முட்டையிட வரும் என்று நம் கூட்டாளி 'கணக்கு' சொல்லும் கதையையும் ஓரமாக வை. தண்ணீர் குளிர்ந்து கிடந்தால் எந்த நிலவும் மீனைக் கரைக்குக் கூட்டி வராது. பகல் நீளுவதும் தண்ணீர் சூடாவதும்தான் பெரிய காரணங்கள். அதனால் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி, காலையில், இரண்டு மூன்று அடி ஆழத்தில் விட்டுப் பார். மதிய வெயிலில் மேல்தண்ணீர் மட்டும் நான்கைந்து டிகிரி ஏறி ஆளை ஏமாற்றும், மாலையில் இறங்கிவிடும். காலை அளவு 55 வாக்கில் இருந்தால் மீன்கள் ஆழம் சரியும் முனைகளில் காத்திருக்கும். 60-ஐ ஒட்டி மூன்று நான்கு நாள் நிலைத்தால் ஆண் மீன்கள் ஆழமில்லாத கரையோரத்துக்கு ஏறத் தொடங்கும்.

எங்கே பார்ப்பது? ஏரி முழுவதும் ஒரே நாளில் சூடாவதில்லை. வடகரை ஒதுக்கங்களில் தொடங்கு. தெற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் அங்கேதான் நேராக விழும், வாடைக்காற்றும் கரையால் தடுக்கப்படும். அடித்தரை கறுத்திருந்தால் சூடு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் வெறும் சேறு கூடாது, முட்டை புதைந்து மூச்சு முட்டிப் போகும். ஒரு கழியை எடுத்துக் குத்திப் பார்: 'டக்'கென்று தட்டினால் மணலோ சரளையோ வேரோ இருக்கிறது, பாஸுக்குப் பிடிக்கும். முழங்கை வரை இறங்கினால் அடுத்த இடம் பார். ஆழம் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு அடி. தண்ணீர் கண்ணாடியாக இருந்தால் ஆறேழு அடியிலும் போடும். மரக்கட்டை, படகுத்துறைக் கால் இவற்றின் ஓரத்தை முதலில் பார், ஒரு பக்கத்துக்காவது காவல் மிச்சம் என்று மீனுக்குத் தெரியும்.

இப்போது முக்கியமானது. முதல் அடையாளம் குழி இல்லை, மீனின் நடை. ஒன்று, ஒன்றரைப் பவுண்டு ஆண்கள் தனியாகவோ இரண்டிரண்டாகவோ கரையை ஒட்டி மெதுவாகப் போகும். சின்ன மீன் குறுக்கே வந்தாலும் துரத்தாது. அடிக்கடி தலையைச் சாய்த்துத் தரையைப் பார்க்கும், வீடு பார்க்க வந்தவன் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல. நீ நெருங்கியதும் ஓடிப்போய்த் திரும்பவே இல்லையா? இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போன மீன் ஒன்றிரண்டு நிமிடத்தில் அதே இடத்துக்கு வந்து நின்றதா? இடம் முடிவாகிவிட்டது, தரை இன்னும் அழுக்காகவே இருந்தாலும். இந்தச் சோதனைக்குப் பொறுமை ஒன்றுதான் வேண்டும், அது உன்னிடம் இல்லை என்பதும் தெரியும்.

அடுத்து, கலங்கல். மற்ற இடமெல்லாம் தெளிந்திருக்க ஒரே இடத்தில் புகை மாதிரி சேறு கிளம்பி அடங்கும். ஆண் மீன் வாலால் பெருக்குகிறது. அங்கே பாசி நீங்கி, உள்ளங்கை அகலத்தில் வெளுத்த திட்டு ஒன்று தெரியும், நாளுக்கு நாள் விரியும். மீன் பக்கவாட்டில் புரண்டால் வாலின் கீழ்விளிம்பைக் கவனி. தேய்ந்து வெளுத்தோ இரத்தச் சிவப்பாகவோ இருந்தால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்.

கண்ணாடி வாங்குவதாக எழுதியிருந்தாய். தண்ணீரின் பளபளப்பை அடக்கும் போலரைஸ்டு கண்ணாடி வாங்கு, ஆழமில்லாத தண்ணீருக்குச் செம்பு அல்லது அம்பர் நிறம். சாம்பல் நிறத்தில் அந்த வெளுத்த திட்டு அவ்வளவாக எடுபடாது. காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை, வெயிலை முதுகுக்கு விட்டு நட. ஆனால் உன் நிழல் தண்ணீரில் விழக்கூடாது.

ஏமாறும் இடங்களும் உண்டு. மீன் இல்லாத சுத்தமான குழி புதியதாக இருக்கலாம். மேலே மெல்லிய வண்டல் படிந்திருந்தால் கைவிட்டது. திடீரென்று குளிர் இறங்கினால் பெண் மீன்கள் ஆழத்துக்குத் திரும்பிவிடும், ஆண்கள் சில ஒட்டிக்கொண்டிருக்கும், சில விட்டுவிடும். விட்டுப்போன முட்டையில் பூஞ்சை ஏறும். அணைத்தண்ணீரை இறக்கும் ஏரியில் இன்னும் மோசம், ஒன்றரை அடியில் போட்ட முட்டை இரண்டே நாளில் வெயிலில் காயும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். குழிமேல் நிற்கும் ஆணைத் தூண்டில் போட்டுத் தூக்கிப் படம் எடுத்து விடுவதைச் சாதனையாக எழுதியிருக்கிறாய். அந்த மீன் பசிக்காகக் கடிப்பதில்லை, வாசலுக்கு வந்ததை விரட்டுகிறது. நீ அதைக் கையில் வைத்திருக்கும் நிமிடங்களில் சுற்றிக் காத்திருக்கும் புளூகில் உள்ளே புகுந்துவிடும். திரும்பி வரும் ஆண் முட்டை குறைந்து கிடப்பதைப் பார்த்தால் சில நேரம் காவலையே விட்டுவிடுகிறது. தெற்கு ஒன்டாரியோவில் பாஸ் பிடிக்க ஜூன் பிற்பாதி வரை தடை வைத்திருப்பது சும்மா இல்லை. உன் ஏரியின் விதியை முதலில் படி. வாத்தியார் வாயூறச் சொல்லும் டிக்ஸன் ஏரி மீன் நினைவிருக்கிறதா? 2006 மார்ச், கலிஃபோர்னியா, 25 பவுண்டு. குழிமேல் நின்ற மீன், கொக்கி மாட்டியதோ வாய்க்கு வெளியே. சாதனைப் பட்டியலில் ஏறவே இல்லை.

இப்போதைக்கு உனக்கு ஒரே வேலை. அந்த நாணல் ஓரத்தில் இரண்டு வாரம் கால் வைக்காதே, நாயையும் இறக்காதே. குஞ்சுக்கூட்டம் சிதறினால் தகப்பனால் எல்லாவற்றையும் திரட்ட முடியாது. குஞ்சு ஒரு அங்குலம் தாண்டிப் பிரியும் நாளைக் குறித்து, அன்று காலைத் தண்ணீர் அளவோடு எழுதி அனுப்பு. அடுத்த வசந்தத்துக்கு அதிலிருந்துதான் பின்னோக்கி எண்ணப்போகிறோம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி

பி.கு.: அண்ணாச்சிக்கு அந்த முப்பது குழிப் படத்தைக் காட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.